போதிதர்மர் கம்பு சுற்றினாரா?

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக உத்தமபாளையம் போயிருந்தேன். தேனியில் பஸ் மாறி வீரபாண்டி, சின்னமனூர் தாண்டியதும் ஜன்னல் வழியாக வந்த காற்றே வேறு மாதிரி இருந்தது. முகூர்த்தம் மறுநாள் காலையில். சாயங்காலம் மண்டபத்தில் சும்மா உட்கார்ந்து சீட்டாட்டத்தை வேடிக்கை பார்ப்பதற்குப் பதில், கம்பம் வரை ஒரு நடை போய்விட்டு வரலாமே என்று கிளம்பினேன். திராட்சைப் பந்தல்களைப் பார்க்க ஆசை. 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய பன்னீர் திராட்சை ஆயிற்றே.

பந்தலுக்குப் போய்ச் சேரவில்லை. வழியில் ஒரு பொட்டலில் சின்னப் பிள்ளைகள் முப்பது பேர் வரிசையாக நின்று கம்பு சுற்றிக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் வெள்ளைக் கராத்தே உடுப்பில், மீதிப் பேர் ஸ்கூல் யூனிஃபார்மில். அறுபது வயது மதிக்கத்தக்க வாத்தியார் ஒருவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, "சுவடு பாத்து வைய்யி, சுவடு பாத்து" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு ஃபிளெக்ஸ் போர்டு. அதில் உருட்டு விழிகளும் தாடியுமாகப் போதிதர்மர். பக்கத்தில் புரூஸ் லீ. கீழ் மூலையில் தபால்தலை சைஸில் வாத்தியார்.

"இவரு யாருண்ணே?" என்று தெரியாத மாதிரிக் கேட்டேன்.

"போதிதர்மருங்க. நம்ம காஞ்சிபுரத்துக்காரரு. சீனாக்காரனுக்கு இந்தக் கம்பையே இவருதான் சொல்லிக் குடுத்தாரு."

"சரி, உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

கொஞ்சம் சிரித்தார். "எங்க தாய்மாமனுங்க. தென்னந்தோப்புக்குக் காவல் போவாரு. ராத்திரி தூக்கம் வராம இருக்கக் கம்பு சுத்துவாரு. கூடப் போயி, பாத்துப் பாத்துப் படிச்சதுதான்."

"அவரு படம் போர்டுல இல்லையே?"

"அவர யாருங்க படம் எடுத்தா?"

இந்தப் பதிலைத்தான் ஊருக்குத் திரும்பிய பிறகும் மனசுக்குள் உருட்டிக்கொண்டே இருக்கிறேன். அதனால் இந்த வாரம் போதிதர்மர்.

இவர் நம் வீட்டுப் பிள்ளை ஆனது எப்போது என்று உங்களுக்கே தெரியும். 2011 தீபாவளிக்கு '7ஆம் அறிவு' வந்தது. ஏ.ஆர்.முருகதாஸ் படம். காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசராக சூர்யா மலை, பாலைவனம் எல்லாம் தாண்டிச் சீனாவுக்குப் போகிறார். அங்கே கொள்ளை நோயைத் தீர்க்கிறார், ஊர் மக்களுக்குத் தற்காப்புக் கலை கற்றுக்கொடுக்கிறார். கடைசியில் அந்த மக்களே அவருக்கு விஷம் வைக்கிறார்கள். படத்தின் மற்ற பகுதிகளை மறந்தவர்கள்கூட இந்த முதல் இருபது நிமிஷத்தை மறக்கவில்லை. நானும் தியேட்டரில் கை தட்டினவன்தான். வெளியே வரும்போது பக்கத்து ஸீட் இளைஞர், "பாத்தீங்களா சார், குங்ஃபூவே நம்மளுது" என்றார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு அன்றைக்கு மனசு வரவில்லை.

இன்றைக்குக் கெடுக்கப் போகிறேன். மன்னிக்கவும்.

முதலில், நமக்குச் சாதகமானதைச் சொல்லிவிடுகிறேன். போதிதர்மர் தென்னிந்தியர் என்பதற்குச் சீன ஆதாரம் உண்டு. 7ஆம் நூற்றாண்டில் துறவிகளின் வரலாற்றை எழுதிய தாவ்சுவான் அவரைத் தென்னிந்திய அந்தணர் என்கிறார். 1004ல் தொகுக்கப்பட்ட தியான மரபு நூல், தென்னாட்டு ராஜா ஒருவரின் மூன்றாவது மகன் என்கிறது. அதில் வரும் நாட்டின் பெயரைக் காஞ்சி என்று வாசிக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால், எல்லாவற்றுக்கும் முந்தைய குறிப்பு 547ஆம் ஆண்டு வாக்கில் எழுதப்பட்ட லோயாங் நகர விகாரைகள் பற்றிய நூலில் இருக்கிறது. அதில் அவர் பாரசீகத்திலிருந்து வந்த துறவி. தனக்கு 150 வயது என்று சொல்லிக்கொண்டு, ஒரு கோபுரத்தைப் பார்த்து அண்ணாந்து வியக்கிறார். ஆக, முதல் சாட்சி பாரசீகம் என்கிறது, அடுத்தவர்கள் தென்னாடு என்கிறார்கள். தென்னாட்டுக் கட்சிக்குக் கொஞ்சம் பலம் அதிகம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு சாட்சி நமக்கெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே அறிமுகமான யுவான் சுவாங். போதிதர்மருக்குச் சுமார் நூறு வருஷம் கழித்து, 640 வாக்கில் தென்னாடு வந்தவர். காஞ்சியில் நூற்றுக்கு மேல் விகாரைகள், பத்தாயிரம் பிக்குகள் என்று எழுதி வைத்திருக்கிறார். இந்த ஊரில் பிறந்த பெரிய மனிதர் என்று நாலந்தாவில் புகழ்பெற்ற தர்மபாலரின் பெயரையும் சொல்கிறார். போதிதர்மரைப் பற்றி ஒரு வரி இல்லை. சீனாவிலிருந்து வந்தவரே சொல்லவில்லை என்றால், அப்போது அங்கே அவர் அத்தனை பிரபலம் இல்லை என்றுதானே அர்த்தம்?

சரி, ஊர் விவகாரம் இருக்கட்டும். சண்டை?

ஷாவோலின் கோயில் கட்டப்பட்டது 495 வாக்கில். வடக்கு வெய் பேரரசர் ஷியாவ்வென் அதைக் கட்டிக் கொடுத்தது ஓர் இந்தியத் துறவிக்குத்தான். ஆனால் அவர் பெயர் பாத்துவோ, போதிதர்மர் இல்லை. படம் எடுக்க வேண்டும் என்றால் பாவம், இவரைத்தான் எடுத்திருக்க வேண்டும். போதிதர்மருக்கும் ஷாவோலினுக்கும் முடிச்சு விழுவது 8ஆம் நூற்றாண்டு வாக்கில். அப்போதும் அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் தியானக்காரர். கையையும் காலையும் வீசியதாக யாரும் சொல்லவில்லை.

ஷாவோலின் துறவிகள் சண்டை போட்டது உண்மை. 621ல் அவர்கள் பின்னாளில் டாங் பேரரசரான லீ ஷிமின் பக்கம் நின்று எதிரிப் படையை அடித்தார்கள். 728ல் நாட்டிய கல்வெட்டில் பரிசு பெற்ற பதின்மூன்று துறவிகளின் பெயர்களும் இருக்கின்றன. ஜெட் லீயை ஸ்டார் ஆக்கிய 1982 படம் 'ஷாவோலின் டெம்பிள்' இந்தக் கதைதான். 1553ல் கடற்கொள்ளையரை எதிர்க்கவும் துறவிகள் கம்போடு போனார்கள். இத்தனையிலும், "இதைக் கற்றுக்கொடுத்தவர் போதிதர்மர்" என்ற பேச்சே கிடையாது.

அந்தப் பேச்சு எங்கே ஆரம்பிக்கிறது? 1624 தேதியிட்ட ஒரு புத்தகத்தில். பெயர் 'யிஜின் ஜிங்'. தசைநார்களை மாற்றும் சூத்திரம் என்று சொல்லலாம். மூச்சை அடக்குவது, உடம்பைத் தேய்ப்பது, அடித்து அடித்து இரும்பாக்குவது என்று பயிற்சிகள் நிறைந்த புத்தகம். எழுதியவர் புத்தரைச் சேர்ந்தவரே இல்லை, தாவோ மார்க்கத்தவர். விஷயமும் பெரும்பாலும் சீனாவின் பழைய மூச்சுப் பயிற்சி. ஆனால் தன் பெயரில் போட்டால் யார் வாங்குவார்கள்? போதிதர்மர் பெட்டியில் வைத்துவிட்டுப் போன ஏடு என்று சொல்லி, இரண்டு பழைய முன்னுரைகளையும் சேர்த்துவிட்டார்.

அந்த முன்னுரைகள் அருமையான காமெடி. ஒன்றின்படி, ஏடு கைமாறி வந்த வரிசையில் ஒருவர் டாங் காலத்துக் கதையில் வரும் கற்பனைப் பாத்திரம். ஏதோ ஒரு நாவலில் வரும் பாத்திரத்தின் கையிலிருந்து எனக்குச் சுவடி கிடைத்தது என்று நான் சொல்வது மாதிரி. இரண்டாவது முன்னுரையை எழுதியவராகச் சொல்லப்படும் தளபதி, தனக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது என்று அதிலேயே எழுதுகிறார்!

இதையெல்லாம் கண்டுபிடித்தது நம்மைப் பிடிக்காத எவனோ என்று நினைக்காதீர்கள். 18ஆம் நூற்றாண்டிலேயே லிங் திங்கான் என்ற சீனப் பண்டிதர் இது போலி என்று தலையில் அடித்துக்கொண்டார். 1930ல் தாங் ஹாவ் என்ற ஆராய்ச்சியாளர் போதிதர்மர் கதையை வரி வரியாகப் பிரித்துப் போட்டார். ஷாவோலின் பற்றி 2008ல் விரிவான வரலாறு எழுதிய மெயிர் ஷஹாரும் அதையே உறுதிப்படுத்துகிறார். சீனர்கள் தங்கள் பெருமைக் கதையைத் தாங்களே சோதித்துக் கழித்துவிட்டார்கள். அவர்கள் கழித்துப் போட்டதை நாம் எடுத்து ஃபிளெக்ஸ் அடித்துக்கொண்டிருக்கிறோம்.

அப்படியானால் ஷாவோலின் பயிற்சியில் பௌத்தத்துக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது. இங்கேதான் எனக்கு அந்தப் படத்தின் மேல் வருத்தம். பொய்யைச் சொன்னதால்கூட இல்லை. அதைவிட ருசியான நிஜத்தைத் தவறவிட்டதால்.

கல்யாணம் முடிந்து பந்திச் சாப்பாடும் ஆனபிறகு, உத்தமபாளையத்தில் கருப்பண்ணசாமி பாறைக்குப் போனேன். பார்த்திருக்கிறீர்களா? பாறை முகத்தில் 9, 10ஆம் நூற்றாண்டுச் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள். வட்டெழுத்துக் கல்வெட்டுகள். எறும்புக்குக்கூட நோகாமல் நடக்கச் சொன்னவர்கள் அங்கே கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்திலேயே கருப்பண்ணசாமி கோயில். அவர் காவல் தெய்வம். கெடாவெட்டு வாங்குகிற வம்சம். அகிம்சைச் சாமியும் அரிவாள் சாமியும் ஒரே பாறையில் அக்கம்பக்கமாகக் குடித்தனம் நடத்துகிறார்கள். ஊரில் யாருக்கும் இது விசித்திரமாகப் படவில்லை.

ஷாவோலினில் நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான். கொல்லாமை விரதம் பூண்ட துறவி எப்படிக் கம்பைத் தூக்குவார்? மனசு உறுத்தாதா? அதற்கு ஒரு காவல் தெய்வம் தேவைப்பட்டது. வஜ்ரபாணி வந்தார். புத்தருக்குப் பக்கத்தில் வஜ்ராயுதத்தோடு நிற்பவர். புத்தரின் கருப்பண்ணசாமி என்று வைத்துக்கொள்ளுங்களேன். 8ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துக் கதை ஒன்று: ஷாவோலினில் ஒல்லிப்பிச்சானாக ஒரு இளம் துறவி. மற்ற பிள்ளைகள் அவரைப் போட்டுப் புரட்டி எடுக்கிறார்கள். அவர் வஜ்ரபாணியிடம் போய் அழுது வேண்டுகிறார். சாமி ஒரு பாத்திரம் நிறைய மாமிசத்தை நீட்டி, "தின்னு" என்கிறது. "நான் துறவி, தின்னமாட்டேன்" என்கிறார் இவர். சாமி ஆயுதத்தை ஓங்குகிறது. தின்கிறார். அப்புறம் சுவர் மேல் நடக்கிற அளவுக்குப் பலம்.

கெடாக்கறி படையல் தெரிந்த நமக்கு இந்தக் கதைக்கு உரை தேவையா? விரதத்துக்கும் பலத்துக்கும் நடுவே கிடந்த சிக்கலை அந்தத் துறவிகள் மறைக்கவில்லை. கதையாக்கிச் சிரித்தார்கள், சாமியாக்கிக் கும்பிட்டார்கள்.

பின்னால், கம்பு முக்கிய ஆயுதமாக ஆனபிறகு, வேறு ஒரு சாமி வருகிறார். கின்னரர்! நம் புராணங்களில் பாட்டுப் பாடிக்கொண்டு பறக்கிற அதே கின்னரர்தான், சீனாவில் கின்னர ராஜா. 1517ல் ஷாவோலினில் வைத்த ஒரு கல்வெட்டில் அவர் கதை இருக்கிறது. கலகக்காரர்கள் கோயிலைச் சூழ்ந்தபோது, சமையல்கட்டில் எடுபிடியாக இருந்த ஒருவன் அடுப்புத் தள்ளுகிற கட்டையோடு வெளியே வந்து மலை உயரத்துக்கு நின்றானாம். கூட்டம் ஓடிவிட்டது. அப்புறம்தான் தெரிந்தது, அது கின்னர ராஜா என்று. ஷாவோலின் கம்புக் கலையின் ஆதிகுரு ராஜகுமாரர் இல்லை ஐயா, அடுப்படி ஆள்.

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செங் சோங்யூ என்பவர் அந்தக் கம்பு முறையைப் பற்றி ஒரு கையேடு எழுதினார். துறவி இல்லை. ஆனால் பத்து வருஷத்துக்கு மேல் ஷாவோலினில் தங்கிப் படித்தவர். அந்த முறைக்கு 'யக்ஷன்' என்று பெயர், கின்னர ராஜா தந்த பரம்பரை, அதை ஈடில்லாத 'போதி' என்றே சொல்கிறார்கள் என்று அவர் குறித்திருக்கிறார். வெறுங்கைக் குத்து அப்போது அவ்வளவாகப் பரவவில்லை. அதைப் பழகும் துறவிகள், கம்பைப் போலவே அதையும் அக்கரை சேர்க்கும் ஓடமாக ஆக்கப் பார்க்கிறார்கள் என்றும் சொல்கிறார்.

இதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. யட்சன், கின்னரன், போதி, அக்கரை. அத்தனையும் இந்தியாவிலிருந்து பௌத்தத்தோடு போன சொற்கள், எண்ணங்கள். மணிமேகலை படித்தவர்களுக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி. கம்பு அவர்களுடையது. அடி, வீச்சு, வேர்வை எல்லாம் அவர்களுடையது. கம்பு எதற்கு என்ற கேள்விக்கான பதிலில்தான் பௌத்தம் இருக்கிறது. எதிராளியை வீழ்த்துவதோடு பயிற்சி முடிந்துவிடாது. தினம் விடியலில் எழுந்து ஒரே வீச்சை ஆயிரம் தடவை போடுவதும் ஒருவகைத் தவம்தான் என்ற எண்ணம். இது 500 வருஷத்துச் சமையல்காரர்களும் துறவிகளும் மெல்ல மெல்லச் சேர்த்த சொத்து. ஒரே ஒரு ராஜகுமாரர் வந்து ஒரு பாட்டு நேரத்தில் கொடுத்துவிட்டுப் போனார் என்றால், அந்த ஆயிரம் தடவைக்கு என்ன மரியாதை? இத்தனை நூற்றாண்டாகச் சீனாக்காரன் என்ன, கையைக் கட்டிக்கொண்டா இருந்தான்?

இவ்வளவு நியாயம் பேசுகிற நானே வழுக்கி விழப் பார்த்த கதையையும் சொல்லிவிடுகிறேன்.

தேனி மாவட்டம் ஆண்டிபட்டிப் பக்கம், வைகைக் கரையில் புலிமான்கோம்பை என்று ஒரு ஊர். 2006ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கே தமிழ்ப் பிராமி எழுத்துள்ள மூன்று நடுகற்களைக் கண்டுபிடித்தார்கள். கி.மு. காலத்தவை என்பது அவர்கள் கணிப்பு. அதில் ஒரு கல், 'கூடல் ஊர்' ஆநிரை கவர்தலில் செத்துப்போன ஒருவனுடையது. கம்பத்துக்குத் தெற்கே ஏழெட்டுக் கிலோமீட்டரில் இன்றைக்கும் கூடலூர் இருக்கிறது. பார்த்ததும் என் கை பரபரத்தது. அந்தக் கூடல் ஊர்தான் இந்தக் கூடலூர், மாடு பிடிக்கப் போனவன் கையில் கம்பு இருந்திருக்கும், ஆகவே இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே கம்பம் பள்ளத்தாக்கில் சிலம்பம்! கட்டுரைக்கு என்ன அருமையான முடிவு.

நிறுத்திக்கொண்டேன். கூடல் என்ற பேரில் எத்தனை ஊர்கள்! கல்லில் கம்பு என்ற சொல்லே இல்லை. 1624ல் அந்த தாவோக்காரர் செய்ததும் இதுதானே? கையில் இருக்கிற நல்ல சரக்குக்குப் பழைய சீல் குத்துவது. அந்த நடுகல்லுக்கு என் ஜோடனை தேவையில்லை. ஒரு சாதாரண மனிதன் ஊருக்காகச் செத்ததற்கு ஊரே கல் நட்டுப் பெயர் வெட்டியிருக்கிறது. ராஜாவுக்கு நட்ட கல் இல்லை அது. அது போதும்.

அந்த வாத்தியாரின் தாய்மாமனுக்கு அந்த மாதிரி ஒரு கல்கூடக் கிடைக்கவில்லை. என் வருத்தம் அங்கேதான். போதிதர்மர் பெருமையால் சீனாக்காரனுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. நஷ்டம் நமக்கு. நம் கம்பை நமக்குக் கொடுத்தவர்கள் தோப்புக் காவல்காரர்கள், திருவிழாவில் சாமிக்கு முன்னால் சுற்றிக்கொண்டே போனவர்கள், பேர் தெரியாத வாத்தியார்கள். அவர்களிடம் என்னென்ன அடிவரிசை இருந்தது, எதை எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நம்மில் யாராவது உட்கார்ந்து எழுதி வைத்தோமா? செங் சோங்யூ பத்து வருஷம் இருந்து படித்து, படம் போட்டுப் புத்தகம் எழுதினார். அதனால்தான் ஷாவோலின் கம்பைப் பற்றி இன்றைக்கு இவ்வளவு பேச முடிகிறது. நாம் சினிமா எடுத்தோம்.

கிளம்புவதற்கு முன்னால் வாத்தியாரிடம் மறுபடி போய், சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கி, சுருக்கமாகச் சொன்னேன். போதிதர்மர் கம்பு சொல்லிக்கொடுத்ததற்கு ஆதாரம் இல்லையாம், அண்ணே.

அவர் கோபப்படவில்லை. "இருக்கலாமுங்க. ஆனா அவரு படத்தைப் போட்டபெறகுதான் புள்ளைக வருது. அதுக்கு முன்னாடி நாலு பேருகூட வரல. எங்க மாமன் படத்தைப் போட்டா வருவாகளா?"

என்னிடம் பதில் இல்லை. அந்தப் படத்தால் தமிழ்நாட்டில் எத்தனையோ பிள்ளைகள் கம்பைத் தொட்டிருக்கிறார்கள் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. சர்ட்டிஃபிகேட்டுக்காகப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் பெற்றோர்களும் கூடியிருக்கிறார்கள். வந்த பிள்ளைகளுக்கு எதைச் சொல்லி வளர்க்கிறோம் என்பதுதான் இனி விஷயம்.

வாத்தியார் ஃபிளெக்ஸை மாற்ற வேண்டாம். போதிதர்மர் அங்கேயே இருக்கட்டும், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறார். ஆனால் உங்கள் பிள்ளை சிலம்பம் வகுப்புக்குப் போகிறதென்றால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூடப் போங்கள். "வாத்தியாரே, உங்க வாத்தியாரு பேரு என்ன?" என்று கேளுங்கள். அவர் சொல்கிற பேரையும் ஊரையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கம்பத்து வாத்தியாரிடம் நான் அதைக் கேட்டு எழுதிக்கொண்டேன். மாமன் பேரைச் சொல்லும்போது தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.